துரைக்கேற்ற தரை

முப்பத்தெட்டு நாட்களாகத் துரை கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அந்த முப்பத்தெட்டு நாட்களும் ராஜகோபாலனின் முகத்தில் ஒரு தனிக் களை இருந்தது.

துரை என்பது குதிரை. செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பொன்மலை ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. துரை குதிரை, துரை குதிரை என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் குதிரையே துரை ஆகிவிட்டது.

ராஜகோபாலன் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். வீடு ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில். வேலை கொள்ளிடத்துக்கு அப்பால், மண்ணச்சநல்லூரைச் சுற்றியுள்ள கிராமங்களில். ஊர் ஊராகப் போய்ப் பயிரையும் எல்லைக்கல்லையும் பார்க்க வேண்டியவன் என்பதால் குதிரை வைத்துக்கொள்ளும்படி மேலிடத்து உத்தரவு. வேலையில் சேரும்போது, சவாரி தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று சொல்லியிருந்தான்.

தை மாதக் கடைசியில், கொள்ளிட மணலில் குறுக்கே வரும்போது, யாரோ தண்ணீருக்காகத் தோண்டிவிட்டுப் போன ஊற்றுக்குள் துரையின் இடது முன்னங்கால் இறங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குப் பின்புறமாக ஓடுகிற நார் பிய்ந்துவிட்டது. கால் வாழைத்தண்டு போல வீங்கியது.

திருச்சி மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டர் அற்புதசாமி வந்தார். பருத்த மனிதர். குதிரையிடம் மெதுவாகவும் மனிதர்களிடம் உரக்கவும் பேசுவார்.

"ஊற்றுல கால் விட்டப்ப நீங்க மேலதான இருந்தீங்க?" என்று கேட்டார்.

"ம்" என்றான் ராஜகோபாலன்.

"சேசுவே! உங்க எடைக்குக் கால் முறியாம இருந்ததே பெரிசு. அந்த வேகத்துல நீங்க தலைகுப்புறப் போயிருக்கணுமே சார். விழலையா?"

"விழலை."

"கெட்டிக்காரச் சவாரிங்க நீங்க."

கதவருகே நின்றிருந்த குமுதவல்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவனுக்கு ஏதோ ஆகியிருக்குமே என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அவள் அடக்கியது சிரிப்பை.

அவளுக்கு உண்மை தெரியும். தெரிந்து இரண்டு வருஷமாகிறது. உப்பிலியபுரத்தில் அத்தை பெண்ணுக்குச் சீமந்தம் என்று மன்னியோடு துறையூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். மண்ணச்சநல்லூரைத் தாண்டியதும் எஞ்சின் புகைந்தது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தண்ணீர் தேடிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், சற்றுத் தொலைவில், வயலோரப் பாதையில் அவளுடைய கணவன் நடந்து வந்துகொண்டிருந்தான். தலைக்கு மேல் குடை. இடுப்புக்கு மேல் தூக்கிச் செருகிய கோட்டு. ஒரு கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், யாரும் ஏறாத சேணத்தோடு, சவாரிக்கென்று வாங்கிய பூட்ஸைக் கழுத்தில் மாலை போலத் தொங்கவிட்டுக்கொண்டு துரை.

ஊர் எல்லையில் ஒரு மதகு. ராஜகோபாலன் அதன் சுவர் மேல் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டான். எழுந்து நின்றான். துரை யாரும் சொல்லாமலே வந்து சுவரை ஒட்டி நின்றது. பரணில் இருந்து ஏணிக்குக் கால் தேடுகிறவன் மாதிரி அவன் ஒரு காலை நீட்டி, மெல்ல அதன் முதுகில் இறங்கினான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். அப்புறம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஊருக்குள் எழுந்தருளினார்.

குமுதவல்லி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். "என்னடி?" என்றாள் மன்னி. "வெயில்" என்றாள் இவள்.

அன்று மாலை ராஜகோபாலன் களைத்து வந்து சேர்ந்தான். "இன்னிக்குப் பூரா குதிரை மேலதான். இடுப்பே விட்டுப்போச்சு" என்றான்.

"பாவம்" என்று அவள் தைலம் கொண்டுவந்தாள். பாதத்தில் தடவினாள்.

"இடுப்புன்னேனே?"

"பாதத்துல தடவினா இடுப்புக்கு நல்லதாம்" என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, அப்பாடா என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் அப்படித்தான் போயிற்று. குதிரைக்காரனை வைத்துக்கொண்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ராஜகோபாலன் அவனை எப்போதோ அனுப்பிவிட்டிருந்தான். கொள்ளு வேகவைப்பது, உடம்பு தேய்ப்பது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது எல்லாம் அவனே. இவனல்லவோ குதிரை வளர்ப்பவன் என்று வீதியே சொல்லிற்று. அது பொய்யுமில்லை. துரை அவன் காலடிச் சத்தம் கேட்டாலே கனைக்கும். ஏறத் தெரியாதே தவிர, அவனுக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம்.

குமுதவல்லி ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டால் அது அவன் குடுமியைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். அவனாகச் சொல்ல வேண்டும். வேலையில் சொன்ன பொய் வேலையோடு போகட்டும். வீட்டுக்குள்ளும் எதற்கு பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும்? அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் சொல்லவில்லை. ஆகவே அவள் சீண்டினாள்.

முப்பத்தொன்பதாம் நாள் டாக்டர் வந்து காலைத் தடவினார். வீக்கம் வடிந்திருந்தது. "இனி நடக்க விடலாம்" என்றார்.

அப்போது எதிர்வீட்டுக் கோதைநாயகி மாமியும் வந்திருந்தாள். வீதியில் யார் வீட்டுக்கு டாக்டர் வந்தாலும் மாமியும் வருவாள். மாட்டு டாக்டரானாலும் சரி.

"காவேரி மணல்ல விடுங்கோளேன்" என்றாள் மாமி. மேட்டூர் அணையில் கதவை மூடிவிட்டார்கள். அம்மா மண்டபத்துக்கு எதிரே காவேரி வெறும் மணலாகக் கிடந்தது. "மெத்தை மாதிரி இருக்கு. வலிக்கற காலுக்கு மெத்தைதானே வேணும்? தெற்கு வீதியில ஜட்கா வெச்சிருக்கற ஜமால்கூட அதான் சொல்றான்."

"ஊரே அதான் சொல்லுது. ஊர்ல பாதி நொண்டிக் குதிரை அதனாலதான்" என்றார் டாக்டர். "மாமி, நாலு மெத்தையை வரிசையாப் போட்டு, அதுமேல இங்கேருந்து தெற்குக் கோபுரம் வரைக்கும் நடந்து பாருங்க. குதிகால் உள்ள போகும். பின்னங்கால் சதை இழுக்கும். வீட்டுக்கு வந்து கால் பிடிச்சுவிட ஆள் தேடுவீங்க. குதிரைக்கும் அதே கதைதான். குளம்பு புதையப் புதைய அந்த நார் இழுபடும். ஆறின இடம் மறுபடி பிஞ்சுக்கும்."

"அப்போ தார் ரோடு?" என்றான் ராஜகோபாலன்.

"நடக்கறதுக்குப் பரவாயில்ல. ஓடினா அதிரும். ரோட்டோரமா போகாதீங்க, அங்க ஒரு பக்கம் சரிவு. நட்ட நடுவுல, நேரா. வளைச்சுத் திருப்பக் கூடாது. தரை கெட்டியா இருக்கணும், கல்லா இருக்கக் கூடாது. குளம்போட அச்சு விழணும், குளம்பு உள்ள போகக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. பங்குனி முடியற வரைக்கும் கையில பிடிச்சு நடத்துங்க. சித்திரையில மேல ஏறி நடத்தலாம்."

"கையிலயே பிடிச்சு நடத்தணுமா!" என்றான் ராஜகோபாலன். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை டாக்டர் அக்கறை என்று எடுத்துக்கொண்டார்.

"சிரமம்தான் சார். குதிரையில போய்ப் பழகினவங்களுக்கு நடக்கறது கஷ்டமா இருக்கும்."

"பழகிக்குவார்" என்றாள் குமுதவல்லி உள்ளேயிருந்து.

குளம்பின் அச்சு விழ வேண்டும், குளம்பு உள்ளே போகக் கூடாது என்ற கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பௌதிகம்தான் பிடித்த பாடம். ஆனால் ஒவ்வொரு தரையிலும் துரையை நடக்கவிட்டுப் பார்த்தா அச்சை அளக்க முடியும்? புதைகிற தரையாக இருந்தால் அளப்பதற்குள் கால் போய்விடுமே. யோசித்தாள். தளிகை உள்ளில், அடுப்புக்குப் பக்கத்து மூலையில், இரும்புப் பூண் போட்ட உலக்கை நின்றிருந்தது.

கொல்லையில் துரை நின்று பழகிய கெட்டி மண்ணில், உலக்கையை இடுப்பு உயரத்தில் பிடித்து, நேராக விட்டாள். பூண் அரை விரல் பதிந்தது. கொட்டகைக்குப் பின்னால் கொத்திப் போட்ட மண்ணில் விட்டாள். நாலு விரல் போய் நின்றது. வாசற்படிக் கல்லில் விட்டாள். ணங்கென்று எகிறி அவள் கால் கட்டைவிரலை மயிரிழையில் தவறவிட்டது.

"என்னடி பண்றே?" என்று ராஜகோபாலன் ஓடி வந்தான்.

"துரைக்குத் தரை பார்க்கறேன். அரை விரல்லேர்ந்து ஒரு விரல் வரைக்கும் பதிஞ்சா நல்ல தரை. அதுக்கு மேல போனா மணல். பதியவே இல்லேன்னா கல்."

அவன் உலக்கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "பேஷ்" என்றான். மனசாரத்தான் சொன்னான். அந்த உலக்கை பிற்பாடு தன் பக்கம் திரும்பும் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

பங்குனி முழுவதும் ஸ்ரீரங்கம் அந்த ஊர்வலத்தைப் பார்த்தது. இருட்டுப் பிரிந்ததும் முதலில் உலக்கையோடு குமுதவல்லி. பின்னால் கயிற்றோடு ராஜகோபாலன். அதற்கும் பின்னால், காலில் கட்டோடு, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்துக்கொண்டு துரை.

"ஏண்டி குமுதா, ரோட்டையா இடிக்கப் போறே? கைநிறைய நெல்லைப் போட்டுண்டு போயேன், அவலாவது ஆகும்" என்று கேட்டாள் கோதைநாயகி மாமி.

"அடுத்த வாரம் உங்காத்து வாசலைத்தான் இடிக்கப் போறேன் மாமி. தயாரா இருங்கோ."

கையில் பிடித்து நடத்துவதில் ராஜகோபாலனை மிஞ்ச ஆளில்லை. வருஷக்கணக்கான பழக்கமல்லவா? துரையின் தோளுக்கு நேராகத் தன் தோளை வைத்துக்கொண்டு, கயிறு தொய்யாமலும் இழுக்காமலும், அதன் நடைக்குத் தன் நடையைச் சேர்த்துப் போனான். கால் எங்கே லேசாகத் தயங்குகிறது என்பது அவனுக்குக் கயிற்றிலேயே தெரிந்தது. டாக்டர் அசந்துபோனார். ஜமால் வந்து, தன் குதிரைக்கும் கால் சரியில்லை, எந்தப் பக்கம் நடத்தலாம் என்று கேட்டான். ராஜகோபாலன் ஒரு பிரசங்கமே செய்துவிட்டான்: கொள்ளிடக் கரை சரிவு, வாய்க்கால் வரப்பு வழுக்கல், ஸ்டேஷன் ரோட்டில் புதுச் சரளை. ஜமால் சலாம் வைத்துவிட்டுப் போனான்.

"பெரிய வித்வானா ஆயிட்டேள்" என்றாள் குமுதவல்லி. "சித்திரை பொறக்கட்டும். மேல ஏறிப் போறச்சே இன்னும் எவ்வளவு பேர் கேக்கப் போறாளோ!"

அவன் துரையின் காலைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தான்.

சித்திரை பிறந்தது. டாக்டர் வந்தார். "இன்னியிலேருந்து மேல ஏறலாம் சார். நடைதான், ஓட்டம் வேண்டாம். நல்ல தரையா நீங்களே பார்த்து வையுங்க, உங்களுக்குச் சொல்லணுமா?" என்றார்.

அன்றிலிருந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு தரையும் ராஜகோபாலனுக்குப் பிடிக்கவில்லை.

தார் ரோடு அதிரும் என்றான். சரி என்றாள். ரோட்டை விட்டுவிட்டு, வெளி மதிலுக்கு அப்பால் மண் சாலை இருக்கிறதே என்றாள். வண்டித்தடம் என்றான். அதுவும் சரிதான், உலக்கை ஓர் இடத்தில் கால்வாசி விரலும் ஓர் இடத்தில் மூன்று விரலும் பதிந்தது. மறுநாள் கொள்ளிடத்துக்குப் போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். வண்டல் மண். நடுவே நேர்ப்பாதை. தோப்புக்காரரிடம் சம்மதமும் வாங்கியாகிவிட்டது.

"எங்கே விட்டாலும் ஒரு விரல். நூல் பிடிச்ச மாதிரி பதியறது" என்றாள்.

ராஜகோபாலன் தோப்பைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே பார்த்தான்.

"தேங்கா விழும்டீ."

"துரை தலையிலயா, உங்க தலையிலயா?"

"யார் தலையானா என்ன, தலைதானே?"

"நடந்து போனாலும் விழுமே?"

"நடந்து போனா தலை கீழே இருக்கும். குதிரை மேலன்னா தேங்காய்க்கு இன்னும் கிட்டே" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அது சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். துரைக்குக் கொள்ளு வைக்கப் போய்விட்டான்.

சித்திரைத் தேர் வந்தது. அதற்கு முன்பே வீதியைச் சமன் செய்து, பள்ளத்தை நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கியிருந்தார்கள். தேர் ஓடி முடிந்த மறுநாள் குமுதவல்லி தன் வீட்டு வாசலிலேயே, வீதியின் நடுவில், உலக்கையை விட்டாள். அரை விரலுக்குச் சற்று மேல். பத்தடி தள்ளி விட்டாள். அதே. வடக்கு வீதியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை போய் விட்டுப் பார்த்தாள். அகலமான வீதி, சரிவில்லை, கல்லில்லை, நேர்கோடு. தரையைத் தேடி ஊரெல்லாம் அலைந்தோமே, வாசலிலேயே விரித்து வைத்திருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ராஜகோபாலனுக்கு வரவில்லை.

"பெருமாள் எழுந்தருளற வீதி குமுதா. அதுல குதிரை மேல உக்காந்துண்டு போறது அபசாரம்."

"போன மாசம் ஜட்காவில இதே வீதியிலதானே போனேள்?"

"அது வண்டி. அதுல குதிரைக்குப் பின்னாடிதான் உக்காரறோம்."

"பின்னாடி உக்காந்தா பெருமாளுக்குச் சம்மதம், மேல உக்காந்தாத்தான் கோபமா? அவரே குதிரை வாகனத்துல எழுந்தருளற ஊர்னா இது!"

அவன் உலக்கை பதிந்த குழியைக் காலால் மூடினான். சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"சரி. டாக்டரை வரச் சொல்லு. அவர் எதிர்லயே ஏறறேன்."

டாக்டர் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார். புதன்கிழமை குமுதவல்லி திருச்சியில் சாமான் வாங்கப் போனவள், களிம்பு வாங்கும் சாக்கில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள்.

"டாக்டர், தரைதான் நன்னா அமைஞ்சுடுத்தே. இனிமே பயமில்லையே?"

"தரை பாதிதாம்மா. மீதி மேல உக்காரற ஆளு" என்றார் அற்புதசாமி, ஒரு கன்றுக்குட்டியின் வாயைப் பிடித்தபடி. "நடுவுல அசையாம உக்காரணும். பயந்துக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சாலோ, மூட்டை மாதிரி குலுங்கினாலோ, எடை அத்தனையும் தாறுமாறா அந்த ஒத்தைக் காலுக்குப் போகும். இந்தத் தடவை பிஞ்சா ஒட்டாது. ஜட்காவுக்குக்கூட ஆகாது. அப்புறம் என்ன, வித்துட வேண்டியதுதான், எவன் எதுக்கு வாங்குவானோ." அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அட, நீங்க ஏன் இதுக்குப் போய்! உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரச் சவாரியாச்சே."

களிம்பை மறந்துவிட்டு அவள் வெளியே வந்தாள். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். வண்டித்தடம், தேங்காய், அபசாரம் என்று ஒவ்வொரு சாக்காகப் பிடுங்கிப் போட்டதில், ஓடி ஒளிய அவனுக்கு ஓர் இடமும் விடாமல் செய்துவிட்டோம் என்று இப்போதுதான் புரிந்தது. சொல்வான் என்று நினைத்துச் சீண்டினால், ஏறுகிறேன் என்கிறானே!

வீட்டில் ஆள் அரவம் இல்லை. கொட்டகையிலிருந்து கிரீச் கிரீச்சென்று ஏதோ சத்தம் வந்தது. மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தாள்.

இரண்டு கொள்ளு மூட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, அதன் மேல் சேணத்தைப் போட்டு, ராஜகோபாலன் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் போட்டிருந்தான். கடிவாள வாரைத் தூணில் கட்டிக் கையில் பிடித்திருந்தான். எழுந்தான், உட்கார்ந்தான், எழுந்தான், உட்கார்ந்தான். நெற்றியில் திருமண் வேர்வையில் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. ஒருமுறை மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவனும் அந்தப் பக்கமே சாய்ந்து தூணைக் கட்டிக்கொண்டான். துரை தீனியை நிறுத்திவிட்டு, கழுத்தைத் திருப்பி, இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் குமுதவல்லி சிரித்துச் சிரித்து விழுந்திருப்பாள். அன்று சிரிக்க முடியவில்லை. நிஜமாகவே ஏறப்போகிறான்.

இரவு இலையில் ரசம் சாதம் போட்டபடி, "ஏன்னா" என்றாள். இப்போது அவள் குரலில் குறும்பு இல்லை. "நாளைக்கு வேண்டாம்னா வேண்டாமே. டாக்டர்கிட்ட எதாவது சொல்லிக்கலாம்."

"என்னத்தைச் சொல்றது?"

"எதாவது. உங்களுக்கு என்ன சொல்லணுமோ அது."

அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். "தரை நன்னா இருக்குன்னு நீதானே சொன்னே?" என்றான் கடைசியில்.

அவளுக்குச் சுருக்கென்றது. நானே சொல்லிவிடட்டுமா, இரண்டு வருஷமாகத் தெரியும் என்று? வாய் வரை வந்தது. அவன் தலை குனிந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டு மோர் எடுக்கப் போனாள்.

வியாழக்கிழமை விடியற்காலை டாக்டர் வந்து சேர்ந்தார். வீதியில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் துரையின் காலை ஒருமுறை நீவிப் பார்த்து, "முதல்தரம்" என்றார். "முன்னாலேருந்து பார்த்தாத்தான் கால் வைக்கறது சரியாத் தெரியும். நான் அந்தக் கோடியில போய் நிக்கறேன். ஏறி, நேரா என்னைப் பார்த்து வாங்க." சொல்லிவிட்டுக் கைத்தடியை வீசிக்கொண்டு வீதியின் மறுகோடிக்கு நடந்தார். அங்கே போய்த் திரும்பி நின்றபோது சின்ன பொம்மை மாதிரித் தெரிந்தார்.

குமுதவல்லி துரையின் தலைப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ராஜகோபாலன் சேணத்து வாரை இறுக்கினான். ஏற்கெனவே இறுக்கியிருந்ததுதான். எதிர்வீட்டு வாசலில் கோதைநாயகி மாமி புள்ளி வைப்பதை நிறுத்தினாள்.

"ஏன்பா ராஜு, முகூர்த்தம் பார்க்கறியா?"

அவன் இடது காலைத் தூக்கி, சேணத்திலிருந்து தொங்கிய அங்கவடியில் வைத்தான். தரையிலிருந்து அவன் ஏறுவது இதுதான் முதல் தடவை. உடம்பை மேலே உந்தினான். பாதி எழும்பியதும் எடை முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்கியது. சேணம் அவனை நோக்கிச் சரிந்தது. விழாமல் தாங்கிக்கொள்ளத் துரை ஒரு காலை அகட்டி ஊன்றியது. இடது முன்னங்கால். ஊன்றிய கணுவுக்கு மேல் ஏதோ நடுங்கியது.

குமுதவல்லி கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். இறங்குங்கோ என்று கத்த வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவனே இறங்கியிருந்தான். அங்கவடியிலிருந்து காலை எடுத்துவிட்டு, குனிந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். மேலிருந்து கீழாகத் தடவினான். சூடில்லை, வீக்கமில்லை. துரை குனிந்து அவன் முதுகை முகர்ந்தது. அவன் எழுந்திருக்க நேரமாயிற்று. எழுந்தபோது அவன் முகம் அவள் இதுவரை பார்க்காத முகமாக இருந்தது.

"என்ன சார் ஆச்சு?" கோடியிலிருந்து டாக்டர் குரல் வந்தது. "ஏறலையா?"

ராஜகோபாலன் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது தெரிந்தது.

"காதுல விழல!"

மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நிமிர்ந்தாள். வீதியில் அத்தனை கோலமும் பாதியில் நின்றது.

"எனக்கும்தான் விழலை" என்றாள் குமுதவல்லி, மிக மெதுவாக. கயிற்றை விடவில்லை. அவன் கண்ணையே பார்த்தாள்.

அவன் டாக்டர் இருந்த கோடியைப் பார்த்தான். நிமிர்ந்த தலைகளைப் பார்த்தான். அப்புறம் அந்தப் பக்கமெல்லாம் விட்டுவிட்டு, அவள் பக்கமாக முழுசாகத் திரும்பி, அவளிடம்தான் சொன்னான். ஆனால் வடக்கு வீதியின் மறுகோடிக்கும் தெளிவாகக் கேட்கிற குரலில் சொன்னான்:

"குமுதா, எனக்குக் குதிரைச் சவாரி தெரியாது."